ரொட்டியில் உடைந்த பல்

மதிய வெயில் சன்னல் வழியே வந்து பல் மருத்துவரின் தட்டில் கிடக்கும் கருவிகள்மேல் பளபளக்கிறது. சாய்வு நாற்காலியில் மல்லாந்திருக்கிறாள் புகார்ப் பிரிவுக்காரி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரே திட்டும் தொலைபேசியைப் பதினோரு வருடமாக எடுப்பவள். நேற்று அவளுடைய கடைவாய்ப் பல் பிளந்துவிட்டது. “கல்லு கில்லு கடிச்சீங்களாம்மா?” “இல்ல டாக்டர். வெறும் ரொட்டிதான்.” மருத்துவர் கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டுகிறார். பற்களின் முனையெல்லாம் அரத்தால் ராவியதுபோல மழுங்கியிருக்கிறது. “தூக்கத்துல நறநறங்கிறீங்க, அது சரி. பகல்ல யாராச்சும் போன்ல கத்தினா என்ன பண்ணுவீங்க?” “என்னத்த பண்றது, பல்லைக் கடிச்சுக்கிட்டு...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொள்கிறாள். மருத்துவர் சிரிக்கவில்லை. “சாப்பிடாத நேரத்துல மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டவே கூடாது. தாடையைத் தொங்க விடுங்க. மூச்சை மெதுவா விடுங்க.” விடுகிறாள். காதோரத்தில் இறுக்கிக் கட்டிய ஏதோ ஒன்று அவிழ்ந்து கழுத்துவரை இறங்குகிறது. அதற்குப் போய்க் கண் கலங்குகிறது. அவளுக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து மடியிலிருக்கும் கைப்பைக்குள் கைபேசி அதிர்கிறது. மேலதிகாரிதான், எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அறையில் நறுக்கென்று ஒரு சத்தம். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த மருத்துவர் திரும்புகிறார். “இப்ப கேட்டுச்சா?” பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. “கேட்டுச்சு” என்கிறாள், பல்லைப் பிரிக்காமலே.