மூன்றாவது மாடிக் கைப்பிடி

வயர் பிரஷ் கம்பியில் ஏறி இறங்கும் ஓசை பல்லைக் கூசவைத்தது. ஆனாலும் அந்த இடத்தைவிட்டு என்னால் நகர முடியவில்லை.

மாடிப்படிக் கைப்பிடிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. போன முறை வந்தவர்கள் துருவின் மேலேயே பூசிவிட்டுப் போய்விட்டார்கள். ஒரே மழைக்காலத்தில் எல்லாம் கொப்பளித்து உதிர்ந்துவிட்டது. அதனால் இந்த முறை மாடிக்கு மாடி ஆள் நின்று கவனிக்க வேண்டும் என்று குடியிருப்பில் முடிவாகியிருந்தது.

மூன்றாவது மாடிக்கு நானும் எதிர்வீட்டு அக்காவும்.

காலையில் பெயின்டர் படியேறி வந்தபோது என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனார். நான் சட்டென்று மீட்டர் பெட்டியைப் பார்த்தேன்.

அவர் சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டு, எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் பையைத் திறந்தார்.

நல்ல வேலைக்காரர். தகட்டால் பழைய பெயின்டைச் செதில் செதிலாகப் பெயர்த்தார். கம்பிகள் சேரும் மூலைகளில்தான் துரு ஒளிந்திருக்கும். அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்தார். பிறகு வயர் பிரஷ். பிறகு உப்புத்தாள். இரும்பு வெளுத்துத் தெரிந்ததும் தின்னர் நனைத்த துணியால் துடைத்தார். துடைத்த இடத்தை அதன்பின் கையால் தொடவே இல்லை. வேர்வை பட்டால் மறுபடி துரு ஏறும் என்று அக்காவிடம் சொன்னார்.

அக்காவுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. ஒழுங்காகத் தேய்க்காமல் மேலே பூசுவது அழுக்குத் துணிக்கு இஸ்திரி போடுகிற மாதிரி என்றார். இந்த ஆட்களை நம்பவே கூடாது, கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் போதும் என்றார். பெயின்டர் காதில் விழும்படிதான் சொன்னார்.

நான் தலையாட்டினேன்.

நீயும் ஏதாவது சொல்லேன் என்று அக்கா என்னை இடித்தார். நான் குனிந்து அடிக்கம்பியைக் காட்டி, இங்கே இன்னும் கொஞ்சம் என்று ஆரம்பித்தேன். 'தேய்ங்க' என்பதா, அக்காவைப் போல 'தேய்ப்பா' என்பதா என்று தெரியவில்லை. பாதியிலேயே விட்டுவிட்டேன்.

"சரிங்க மேடம்" என்றார் அவர்.

அங்கே துருவே இல்லை. இருந்தும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்த்தார். பிடரி வேர்வையில் துருத்தூள் செம்மண் குழம்பாக வழிந்தது.

அடுப்பில் எதையோ வைத்த ஞாபகம் வந்து அக்கா உள்ளே ஓடினார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். அவர்தான் பேசினார். நிமிராமல், கிட்டத்தட்ட தரையிடம் சொல்வதுபோல, தூசி உனக்கு ஆகாது, உள்ளே போய்விடு என்றார்.

ஒரு தம்ளர் தண்ணீராவது கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். வீட்டுக்குள் போனால் திரும்பி வரும்போது முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

அக்கா வந்துவிட்டார்.

செங்காவி நிற பிரைமர் டப்பாவைப் பெயின்டர் திறந்து கலக்கிக்கொண்டிருந்தபோது, கீழே பள்ளி வேனின் ஹாரன் கேட்டது. மகள் வரும் நேரத்தை நான் யோசிக்கவே இல்லை. கீழே போய் அவளை எங்காவது கடைக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று செருப்பைத் தேடுவதற்குள், படியில் சின்னக் காலடிகள் தடதடத்தன.

என் மகளுக்கு ஐந்து வயது. படித்திருப்பத்தில் அவரைப் பார்த்தவள், ஒரு நொடி நின்று, "மாமா!" என்று கத்திக்கொண்டு தாவி வந்தாள்.

அவர் துரு அப்பிய இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அக்கா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். பெயின்டர் அங்கிள் மேலே போய் விழுந்தால் யூனிஃபார்ம் பாழாகிவிடும் என்றார்.

"அங்கிள் இல்ல. இது எங்க மாமா" என்றாள் அவள்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன் மாமாதான் வெளிநாட்டுல பெரிய இன்ஜினியராச்சே கண்ணு. அம்மா உங்கிட்ட சொல்லலையா?"

சொல்லிவிட்டு, நான் ஆமாம் என்பேன் என்று எதிர்பார்த்து என்னைப் பார்த்தார். மகளும் என்னைப் பார்த்தாள். அவரும் காலைக்குப் பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். அப்படி ஒரு இன்ஜினியர் இருப்பதை அவர் அப்போதுதான் கேள்விப்படுகிறார்.

நான் குனிந்து மகளின் தோளிலிருந்து பையைக் கழற்றினேன்.

"எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தாங்க கூப்பிடும்" என்றார் என் அண்ணன்.