நெகட்டிவுக்கு அடியில்

ஸ்கேனர் விலையைக் கேட்டே தலைசுற்றிப்போன தங்கப்பழம், கைப்பேசித் திரையை வெள்ளையாக எரியவிட்டு, அதன்மேல் பழைய நெகட்டிவை வைத்து, மேலிருந்து கேமராவால் படமெடுத்துக்கொண்டிருந்தார். மகள் செந்தாமரைக்குக் காது குத்திய அன்று எடுத்தது. அவர் மடியில் வாயைப் பிளந்து அழுகிறாள். டைமரை அழுத்திவிட்டுக் கையை எடுத்த நேரம் கைப்பேசி அதிர்ந்தது. வெள்ளைத் திரை போய், அழைத்த செந்தாமரையின் இப்போதைய முகம் நெகட்டிவுக்கு அடியில் நிறைந்தது. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன இந்த மூன்று வருடமும் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள். அவர் ஒருமுறைகூட எடுத்ததில்லை. கேமரா சொடுக்கியது. மணி ஓய்ந்தது.

நெகட்டிவை அப்படியே விட்டுவிட்டு, படத்தைக் கணினியில் ஏற்றிப் பார்த்தார். கறுப்பை வெளுப்பாக்கியதும் மடியிலிருந்த குழந்தை துலங்கியது. அதன்மேல் படிந்திருந்த, வளர்ந்து பெரியவளான மகள் பேய்போல வெளிறினாள். திருப்பி மாற்றினால் பெரியவள் தெளிந்தாள், கண்ணாடிகூடப் போட்டிருந்தாள், குழந்தை கரிந்துபோனது. மாற்றி மாற்றிப் பார்த்தார். இருவரும் சேர்ந்து வரவே இல்லை.

மறுபடியும் மணி அடித்தது.

"போன் அடிக்குல்லா, எடுங்களேன்," என்றாள் மனைவி சொர்ணம், அடுக்களையிலிருந்து.

"இரு, பிலிம் கெடக்கு," என்றார். நகத்தால் ஓரம் பிடித்து, கீறல் படாமல், நெகட்டிவை மகளின் முகத்திலிருந்து மெல்லத் தூக்கினார்.