பித்தளைத் தாழ்ப்பாள்

இனி யாரும் வாயால் புகார் சொல்லக் கூடாதாம். எதுவானாலும் ‘உறவு’ என்ற செயலியில் போட வேண்டும், மற்றவர்கள் அதற்கு இதயம் அழுத்த வேண்டும். அலுவலகத்தில் பாதிப் பேர் அதைத் திறக்கவே இல்லை என்று மேலாளர் திருவேங்கடம் தினமும் கத்தினார். பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்தபோது ஜெசிந்தா அக்கா அதைப் படமெடுத்துப் போட்டாள். முதல் இதயத்தை மேலாளரே அழுத்தி, ‘அருமையான பங்களிப்பு’ என்று எழுதினார். இதயத்தைக் கதவில் மாட்டவா முடியும்? ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் எனக்குக் கதவைப் பிடிக்க ஆளில்லை. கூரியர் கொடுக்க வந்தவன் வழி தெரியாமல் கதவைத் திறந்துவிட்டான். அழுதுகொண்டே மேலாளர் அறைக்குப் போனேன். “ஆப்ல போட்டீங்களாம்மா?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மேலாளர் சாப்பிடப் போன நேரத்தில், ஜெசிந்தா அக்கா ஸ்க்ரூடிரைவரோடு அவருடைய தனிக் கழிப்பறைக்குள் போய் வந்தாள். எங்கள் கதவில் பித்தளைத் தாழ்ப்பாள் ஏறியது. “போடி, நிம்மதியா போயிட்டு வா” என்றாள். மாலையில் செயலியில் மேலாளரின் பதிவு வந்தது: ‘என் பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றியது யார்? உடனே பதில் வேண்டும்.’ அதுவரை செயலியைத் திறக்காதவர்களும் திறந்தார்கள். பதில் யாரும் எழுதவில்லை. முதல் இதயத்தை நான் அழுத்தினேன். பிறகு ஒருவர் விடாமல் அழுத்தினார்கள். மூடிய அறைக்குள் அவருடைய கைப்பேசி ஓயாமல் மணியடித்துக்கொண்டிருந்தது.