சுத்தக்காரி

அந்த இடத்தை எதைப் போட்டுக் கழுவுகிறாய் என்று டாக்டரம்மா கேட்டபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காயம் கழுவுகிற மருந்தைச் சொன்னாள். காலையில் ஒரு முறை, படுக்கப்போகும் முன் ஒரு முறை. உள்ளேயும்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

ஆறாம் மாதத்தில் வயிற்றைவிட்டு வந்துவிட்டது பிள்ளை. ஆண். உயிரோடு வந்து, கொஞ்ச நேரம் இருந்தது. ஏன் தங்கவில்லை என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

"உள்ள நல்ல கிருமி இருக்கும்மா. அதுதான் நமக்குக் காவல். அதத்தான் நீ நாள் தவறாம கொன்னு கழுவி விட்டிருக்க. காவல் போனா கெட்டது வந்து குடியேறும். வாடையும் அதுலதான் வரும். பிள்ளை தங்காமப் போனதுக்கும் அது ஒரு காரணமா இருக்கலாம்."

இருக்கலாம்.

ஆமாம் என்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழலாம். இல்லை என்றிருந்தால் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி வெறும் தண்ணீர் போதும், அதுவும் வெளியே மட்டும் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவள் வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கல்யாணத்துக்கு முன்பே இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை. வாசலிலேயே தொட்டி கட்டியிருப்பார்கள். பூட்ஸ் காலோடு அதில் இறங்கி ஏற வேண்டும். கைகளை முழங்கைவரை குளோரின் தண்ணீரில் முக்க வேண்டும். அப்புறம்தான் உள்ளே விடுவார்கள்.

"கிருமி செத்தாத்தான் சரக்கு நிக்கும்" என்பார் சூப்பர்வைசர்.

அவளுக்கு அது பிடித்துப்போனது. செதிலும் சேறுமாக வளர்ந்தவளுக்கு வெள்ளைக் கோட்டும் மருந்து மணமும் பெரிய மரியாதையாக இருந்தன. இறாலுக்கே இவ்வளவு என்றால் உடம்புக்கு எவ்வளவு என்று நினைத்தாள். அவளாக நினைத்ததுதான். யாரும் சொல்லித்தரவில்லை.

மாமியார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள், என் மருமகள் சுத்தக்காரி என்று.

அப்படியும் ஒரு நாள் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மீன் வாடை அடிக்கி" என்றான். சத்தம்போட்டுக்கூடச் சொல்லவில்லை.

அவள் கூனிக் குறுகிப் போனாள். இறால்தான் உடம்பில் ஏறிவிட்டது என்று வேலையை விட்டாள். வேலை போனது. வாடை போகவில்லை.

மருந்தைக் கூட்டினாள்.

கழுவக் கழுவ வந்தது. வர வரக் கழுவினாள்.

வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் விடவில்லை. அப்போதுதான் இன்னும் அதிகம். பிள்ளை சுத்தமான இடத்தில் வளரட்டும் என்று.

யாரைத் திட்டுவது? ஒரு வார்த்தை சொன்னவனையா? தொட்டித் தண்ணீரையா? கெடுதல் செய்யவேண்டும் என்று யாரும் எதையும் செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பக்கத்தில் ஒருத்தி பெரிய வயிற்றோடு மெதுவாக வந்து உட்கார்ந்தாள். இவள் அந்த வயிற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

அப்போதுதான் ஜெனோவாவின் நினைவு வந்தது.

தங்கை. ஒரே தங்கை. அம்மா இல்லாத வீட்டில் இவள்தான் அவளுக்கு எல்லாம். தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின நாள், தலை பின்னிவிட்டபடி, அம்மா இருந்தால் சொல்லியிருக்கக்கூடியதை இவள் சொன்னாள். என்ன செய்யவேண்டும், தண்ணீரில் எத்தனை மூடி கலக்கவேண்டும், எப்படி ஊற்றவேண்டும். துணிமணியோடு மருந்துப் பாட்டில் ஒன்றையும் பெட்டியில் வைத்தாள். தன்னைப் பார்த்து முகம் திருப்பிய மாதிரி அவளைப் பார்த்து ஒருவன் திருப்பக் கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசை.

ஜெனோவாவுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

போனை எடுத்தாள். முழு மணியும் அடித்து ஓய்ந்தது.

திரும்ப அடித்தாள்.

"குளிச்சிட்டு இருந்தேன்க்கா. நானே உங்கிட்டப் பேசணும்னு இருந்தேன். அவரு இப்பல்லாம் தள்ளித் தள்ளிப் படுக்காரு. வாடைங்காரு. நீ சொன்னத நான் ஒரு நாள்கூட விடலக்கா, சத்தியமா."

அவள் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டாள்.

"காலையிலேருந்து அடிவயிறு வேற இறுக்கி இறுக்கிப் பிடிக்கி. சூட்டு வலியாத்தான் இருக்கும், என்னக்கா? இன்னும் ஒரு மூடி கூட ஊத்தவா?"

கேட்டுவிட்டு, எப்போதும்போல அக்கா சொல்லட்டும் என்று தங்கை காத்திருந்தாள்.