ஆடுகள் போதும்

"இந்தப் படம் வேண்டாம்மா. ஆட்டுப் படத்தைப் போடுங்க, போதும்."

சொல்லிவிட்டு சுன்வா காபியை ஊற்றினாள். பேச்சு முடிந்துவிட்டது என்பதுபோல் ஜாம் கிண்ணத்தையும் நகர்த்தி வைத்தாள்.

பியார்ட்டாவுக்குச் சுருக்கென்றது. இதற்காகத்தான் தலைநகரில் இருக்கும் தபால்துறை அலுவலகத்திலிருந்து, கொந்தளிக்கும் அலையில் படகேறி வந்திருக்கிறாள். ஓவியர் ஹானுஸ் இறந்த பிறகு ஃபேரோ தீவுகள் அவருக்குச் செய்யும் முதல் பெரிய மரியாதை. இரண்டு தபால்தலைகள். ஒன்றில் அவர் முகம். இன்னொன்றில் அவர் வரைந்த 'படகு தள்ளுகிறார்கள்'.

அதைத்தான் அவர் மனைவியே வேண்டாம் என்கிறாள்.

"அம்மா, அவர் வரைஞ்சதிலேயே பெரிய படம் இதுதான். கோப்பன்ஹேகன்ல இதைப் பார்க்க ஜனங்க வரிசையில நிக்கிறாங்க. ஆடு வரையறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க."

"அவர் ஆடு வேற. நம்மளையே பார்க்கும்."

பியார்ட்டா மாதிரித் தாளை மேசையில் விரித்தாள். பொங்கி வரும் கடல். ஊரே சேர்ந்து ஒரு படகை அலைக்குள் தள்ளுகிறது. அத்தனை பேர் முதுகுக்கும் பின்னால், படகுக் கொட்டகைச் சுவரோரம் ஒரு இளைஞன் மட்டும் ஒட்டி ஒதுங்கி நிற்கிறான். உதவப் போகவில்லை. பக்கத்திலேயே, தபால்தலைக்காக அவனை மட்டும் தனியாக வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். மூக்கும் முழியும் தெளிவாகத் தெரிந்தன.

"இவன்தான் படத்துக்கே உயிர்னு எழுதறாங்கம்மா. மனுஷனோட தனிமையைக் காட்டற உருவமாம்."

சுன்வாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தனிமையா? ஹானுசுக்கு அதெல்லாம் தெரியாது. கண்ணால பார்த்ததைத்தான் வரைவார். பார்க்காததை வரையவே வராது அவருக்கு."

"அப்போ இது யாரு?"

சிரிப்பு நின்றது. "யாரோ. எவ்வளவு வருஷம் ஆச்சு, யாருக்கு ஞாபகம்?" தாளைக் கவிழ்த்து வைத்தாள். "காபி ஆறுது, குடி."

பியார்ட்டா கெஞ்சிப் பார்த்தாள். நாட்டுக்கே பெருமை என்றாள். சுன்வா அசையவில்லை.

"நான் இருக்கிற வரைக்கும் இந்தப் படம் இந்த ஊருக்குள்ள வராது. அவர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். கேட்டுக்கிட்டார். நீயும் கேட்டுக்கோ."

புருஷனுக்குப் பேர் வந்தால் பொறுக்காத பெண்டாட்டிகளை பியார்ட்டா பார்த்திருக்கிறாள். இவள் அவர்களுக்கெல்லாம் தலைவி என்று நினைத்துக்கொண்டாள். போகட்டும். படங்களின் உரிமையில் மகனுக்கும் பங்கு உண்டு. இருவரில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். மகன் கோப்பன்ஹேகனில்தான் இருக்கிறான். படகுத்துறைத் தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசினால் காரியம் முடிந்தது.

துறைக்குத் தபால் மூட்டை எடுக்கப் போன தபால்காரர் சீமுன், அவளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். ஓய்வுபெறும் வயது தாண்டியும், வேறு ஆள் கிடைக்காததால் வேலையில் இருப்பவர்.

"கிழவி சம்மதிச்சாளா?"

"இல்லைண்ணே."

"எனக்குத் தெரியும். அந்தப் படத்தை ஊர்ல யாரும் பார்த்ததே இல்லை, தெரியுமா? காயறதுக்குள்ள வெளியூருக்கு அனுப்பிட்டா. புஸ்தகத்துல வந்ததைக்கூட அலமாரியில பூட்டி வச்சிருக்கா. ஊரே அதுல இருக்காம். எங்கப்பாகூட இருக்காராம்."

"நீங்க?"

"நான் எப்படி இருப்பேன்?" என்றார் சீமுன். "படகு தள்ளின அன்னைக்குக் கரைக்குப் போகாத ஆம்பளைங்க ரெண்டே பேர்தான். ஹானுஸ் கால் ஒடிஞ்சு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அங்கேருந்து பார்த்துத்தான் வரைஞ்சார். இன்னொருத்தன் நான். வீட்டுல காய்ச்சல்ல கிடந்தேன்."

பியார்ட்டா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். சுருக்கங்களுக்குள் அந்த மூக்கும் முழியும் அப்படியே இருந்தன.

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். "ஒரு ஆள் குறைஞ்சுதான் படகு இறங்க நேரமாயிடுச்சுன்னு அப்புறம் பேசிக்கிட்டாங்க. காய்ச்சக்காரன் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. அன்னைக்குக் கடல்ல மாட்டிச் செத்தவன் யாருன்னு நினைக்கிறீங்க? சுன்வாவோட கூடப்பிறந்த தம்பி. அவனைக் காப்பாத்த ஊரே ஓடின படம். அதுக்கே தபால்தலை வேண்டாங்கிறாளே, என்ன கல்நெஞ்சு பாருங்க."

பியார்ட்டா மாதிரித் தாள் இருந்த பையை இழுத்து மூடிக்கொண்டாள்.

படகுத்துறை வந்தது. காற்றில் கதவைத் திறப்பதே பெரும்பாடாக இருந்தது. சீமுன் அவள் பெட்டியை இறக்கி வைத்தார்.

"அவ கிடக்கறா. நீங்க மகன்கிட்டக் கேளுங்கம்மா. தொலைபேசி அதோ இருக்கு. தபால்தலை வந்தா வீடு வீடாக் கொண்டுபோய்க் கொடுக்கப்போறவன் நான்தானே? அந்த சாக்குலயாவது நானும் அந்தப் படத்தைப் பார்த்துடுவேன்."

தொலைபேசிக்காக எடுத்த சில்லறையை பியார்ட்டா திரும்பக் கைப்பையில் போட்டாள்.

"வேண்டாம்ண்ணே," என்றாள். "எனக்கே இப்ப ஆட்டுப் படம்தான் பிடிச்சிருக்கு."