பெல்ட் சத்தம்

மெக்கானிக் போனில் அந்த வீடியோவை மறுபடியும் ஓட்டினார். வண்டிப் பழுதுக்கு ஆளாளுக்கு யோசனை சொல்லும் இணையக் குழுவில் யாரோ போட்டிருந்த எஞ்சின் சத்தம்.

"காலையிலேர்ந்து இதே கீச்சு கீச்சுதானா? என்ன கோளாறுன்னு பிடிபடலையா?" என்றாள் மனைவி.

"பெல்ட் தளர்ந்திருக்கு. அப்பவே எழுதிட்டேன். சரியாயிடுச்சாம்."

"அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்குறீங்க?"

அவர் போனை அவள் காதருகே வைத்தார். எஞ்சின் அடங்கியதும் ஒரு பெண் குரல், "சத்தம் கேக்குதுங்களா? யாராவது சொல்லுங்களேன்" என்றது.

அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகளின் குரல். அதைக் கேட்டு வருஷக்கணக்காகிறது.

"எழுதினது நீங்கன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. 'நன்றி சார்'னு போட்டிருக்கா."

அவள் அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை போடுங்க."