மௌனத்துக்கு வந்த ஏலக்காரர்

கவுண்டரில் உட்கார்ந்திருந்த தாடிக்காரருக்குக் காது கேட்காது என்றே ஏலக்காரர் முடிவு கட்டிவிட்டார். ரயிலில் வந்த கதை, முதுகுவலி, ஆசிரமத்து வாசல் கதவை ஏலம் விட்டால் என்ன விலை போகும் என்பது வரை சொல்லியாயிற்று. மனிதர் சிரித்தாரே தவிர வாய் திறக்கவில்லை.

“சாமிக்குக் காது மந்தமா?” என்று பக்கத்து மேஜையில் பாய் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் சத்தமாகவே கேட்டார்.

“காதெல்லாம் நல்லா கேக்கும். வருஷக்கணக்கா மௌனத்துல இருக்கார். போனை அவர்கிட்ட குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்குங்க. மணி அடிச்சா மண்டபத்துல தியானத்துல இருக்கிறவங்களுக்குத் தொந்தரவு. அதனால ஆஃப் பண்ணி...”

“நீங்க சொல்லவே வேணாம், எனக்குத் தெரியும்” என்று பாதியிலேயே வெட்டி, போனை அப்படியே நீட்டினார்.

பேச்சு அவருக்குத் தொழில். பழைய மேஜை நாற்காலி ஏலம் விடுகிறவர் வாயை மூடினால் விலை அங்கேயே படுத்துவிடும். அந்த வாயை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை. மனைவி ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை முடித்து வைப்பவர் இவர்தான், அதுவும் தப்பாக.

போன மாதம் அவள் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். “நான் ஒரு விஷயத்தை ஆரம்பிச்சு முடிக்கிற வரைக்கும் என்னைக்கு உங்களால குறுக்கே பேசாம இருக்க முடியுதோ, அன்னைக்கு வர்றேன்” என்றாள். அதற்கும் இவர் குறுக்கே ஏதோ சொன்னார்.

அவள் இல்லாத வீட்டில் சில நாள் சுவரோடு பேசிப் பார்த்தார். சரிப்படவில்லை. கடைசியில் யாரிடமும் மூச்சுவிடாமல் ரயிலேறி இந்தக் கோயில் ஊருக்கு வந்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய தவம்.

ஆற்றங்கரை நெடுக, தெருவுக்குத் தெரு யோகா, தியானம் என்று பலகை தொங்குகிற ஊர். படித்துறையை ஒட்டிய ஆசிரமத்தில் ஒரு வார மௌன வகுப்பு. இங்கேயும் வாய் அடங்காவிட்டால் அவள் திரும்பி வரப்போவதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மண்டபத்தில் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கவனித்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நன்றாகப் போகிறது என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்ததுதான் சிக்கல்.

மறுநாள் காலையிலேயே பொறுப்பாளர் அம்மாள் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நேத்து ஒரே நாள்ல பத்து பேர்கிட்ட பேச்சுக் குடுத்திருக்கீங்க.”

“ஒருத்தரும் பதில் சொல்லலையேம்மா.”

“நேத்து சொல்லல. இன்னைக்குச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அதான் கூப்பிட்டேன்.”

ஏலக்காரர் மனைவி போன கதையை முதலிலிருந்து சொல்லி, இன்னொரு வாய்ப்பு கேட்டார். அம்மாள் கன்னத்தில் கை வைத்துக் கடைசிவரை கேட்டார்.

“உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா நீங்க இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஒரு வகுப்பே முடிஞ்சுபோச்சு. ஊருக்குக் கிளம்புங்க.”

கவுண்டரில் டோக்கனை நீட்டினார். தாடிக்காரர் முதல் நாள்போல் சிரிக்கவில்லை. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. ஏலக்காரரை மேலும் கீழும் பார்த்தார். போனை எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்திக் காட்டினார்.

“துரத்திட்டாங்கன்னு உங்களுக்கும் சேதி வந்துடுச்சா சாமி? கண்ணு ஏன் இப்படி இருக்கு, ராத்திரியெல்லாம் தியானமா?”

வரும்போது முழு சார்ஜோடு இருந்த போன் இப்போது செத்துக் கிடந்தது. பழைய பேட்டரி என்று அதையும் திட்டிக்கொண்டே நடந்தார்.

ரயிலில் எதிர் இருக்கைக்காரர் வலிய வந்து பேச்சுக் கொடுத்தார். ஏலக்காரருக்குப் பேசப் பிடிக்கவில்லை. இனி வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்பது ஒன்றே மண்டையைக் குடைந்தது.

சாயங்காலம் வந்து சேர்ந்தால், வீட்டு வாசலில் அவள் செருப்பு. படுக்கையறைக் கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது, பக்கத்தில் புடவைகள். மிச்சம் மீதியையும் எடுத்துப்போக வந்துவிட்டாள் என்று நினைத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“எடுத்துட்டுப் போ. உன்மேல தப்பில்ல. வாயை அடக்கிப் பார்க்கலாம்னு ஒரு இடத்துக்குப் போனேன். எனக்கு அது வராதுன்னு அவங்களே...”

“கொஞ்சம் நகருங்க” என்றாள் அவள். பெட்டியிலிருந்து இரண்டு புடவைகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தாள். திரும்பி வந்து இன்னும் இரண்டை எடுத்தாள்.

“என்ன பண்றே?”

“பார்த்தா தெரியலையா? வந்துட்டேன்.”

“நான்தான் கொஞ்சம்கூட மாறலையே?”

அவள் கையிலிருந்த புடவையை மடித்து வைத்துவிட்டு, கல்யாணமான புதிதில் பார்த்ததுபோல் அவரைப் பார்த்தாள்.

“நேத்து போன்ல நான் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே ஒரு வார்த்தை பேசலையே நீங்க, கூடவே அழுதீங்களே.”